தினக்குறிப்புக்கு மை பேனா: புள்ளி விழவில்லை, பின்பக்கம் ஊறுகிறது

இரவுப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. தினமும் இரவில் ஒரு பக்கம் தினக்குறிப்பு, பந்துமுனைப் பேனாவிலிருந்து மை பேனாவுக்கு மாற்றம். இப்போதைய விவரம்: ஏ5 நோட்டு, 70 ஜி.எஸ்.எம். தாள், வரி இடைவெளி 7 மி.மீ., எஃகு நிப், 'எம்' (நடுத்தர) அளவு, கன்வெர்ட்டர் (குப்பியிலிருந்து மை உறிஞ்சும் குழல்), சாதாரண கழுவக்கூடிய நீல மை.

சிக்கல் இவை. ஒன்று, மை ஊறி எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறது, பின்பக்கம் எழுதவே முடியவில்லை. இரண்டு, மெய்யெழுத்துப் புள்ளி பத்தில் இரண்டு மூன்று விழுவதில்லை. மூன்று, ஒரு நாள் விட்டு எடுத்தால் முதல் கோடு வருவதில்லை. நான்காவது கேள்வி: இருபது வருடம் கழித்தும் படிக்கிற மாதிரி நிற்கிற மை எது?

புதுப் பேனா வாங்குவதா, இதையே சரிசெய்யலாமா?

மூன்றுசுழி

பேனாவை இப்போதைக்கு விடுங்கள். முதலில் கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் நிப் அளவு பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்லப்பட்டது. தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது.

மூன்று சுழி 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் உடல் உயரம் 3 மி.மீ. என்று எழுதினால் ஒவ்வொரு சுழிக்கும் வெளி அகலம் சுமார் 1.5 மி.மீ. கிடைக்கும். கோட்டின் தடிமன் 0.4 மி.மீ. என்றால் இரு பக்கமும் சேர்த்து 0.8 போக, உள்ளே 0.7 மி.மீ. வெளிச்சம் மிஞ்சும். கோடு 0.7 மி.மீ. என்றால் மிஞ்சுவது 0.1 மட்டும். அதில் தாள் கொஞ்சம் ஊறினால் சுழி முழுவதும் அடைந்து நீலப் பொட்டாகிவிடும்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. 'ீ'யின் சுழி அடைந்தால் நீதி நிதியாகும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சுழிதான். அது போனால் கோடி கொடியாகும். சங்கிலிக் கொம்பு ('ை') இரண்டு சுழியும் ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு கிறுக்கலாகத் தெரியும். அன்றைக்குப் படித்தால் நினைவை வைத்துப் புரிந்துகொள்வீர்கள். வருடங்கள் கழித்துப் படிக்கும்போது அந்த உதவி இருக்காது.

ஆகவே 7 அல்லது 8 மி.மீ. வரியில் எழுதுகிறவர்களுக்கு 'எஃப்' (மெல்லியது), கை சிறிய எழுத்து என்றால் 'ஈ.எஃப்' (மிக மெல்லியது). இதில் ஒரு கவனம்: நிப் அளவுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஜப்பானிய நிறுவனங்களின் 'எஃப்' பொதுவாக ஐரோப்பிய 'ஈ.எஃப்' அளவுக்கு மெலிதாக இருக்கும். பெயரை நம்பாமல், எழுதிய கோட்டை அளவுகோலோடு வைத்துப் பாருங்கள்.

வரி இடைவெளிக்கும் இதே கணக்குதான். உடல் 3 மி.மீ., மேலே விலங்குக்கும் ('ி', 'ீ' குறிகள்) புள்ளிக்கும் 1.5, கீழே 'கு', 'மூ' போன்றவை இறங்க 1.5 முதல் 2. ஆக 6 முதல் 6.5 மி.மீ. போய்விடுகிறது. 7 மி.மீ. வரியில் மிஞ்சுவது அரை முதல் ஒரு மி.மீ.தான்; எழுத்து கொஞ்சம் பெரிதானாலே மேல் வரியின் 'மூ' கால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். 8 மி.மீ. வரி நோட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் வரியில்லாத் தாளுக்கு அடியில் 8 மி.மீ. கோடு போட்ட அட்டையை வைத்து எழுதலாம், 80 ஜி.எஸ்.எம். வரை கோடு நன்றாகத் தெரியும்.

தாள்வாசி

முதல் சிக்கல் முழுக்க முழுக்கத் தாள் சார்ந்தது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பின்பக்கத்தில் எழுத்தின் நிழல் தெரிவது வேறு, மையே இறங்கிப் புள்ளி புள்ளியாக நிற்பது வேறு. நிழல் தாளின் ஒளிபுகும் தன்மையால் வருவது, அதோடு வாழலாம். மை இறங்குவது தாளின் மேல்பூச்சு போதாததால்.

தாள் என்பது நார்களின் படுக்கை. பூச்சு இல்லாத தாளில் நார் ஒவ்வொன்றும் திரி மாதிரி மையை இழுத்துக்கொண்டு ஓடும். பிசிறு என்று நாம் பார்ப்பது அந்த நார்களின் பாதைதான். தாள் தயாரிக்கும்போது ஸ்டார்ச்சு போன்ற பொருளைக் கலந்தோ மேலே பூசியோ இந்த உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்துவார்கள். அது சரியாக இருந்தால் மை மேலேயே நின்று காயும்.

இரவுப்பக்கம்

அப்படியானால் 100 ஜி.எஸ்.எம். நோட்டு வாங்கினால் தீர்ந்துவிடுமா?

தாள்வாசி

தீராது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். உறிஞ்சுதலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஜப்பானின் டொமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜி.எஸ்.எம்.; நிழல் தெரியும், ஆனால் மை இறங்காது. அதே நேரம் 120 ஜி.எஸ்.எம். ஓவியத் தாள்கள் பலவும் மையைக் குடித்துத் தீர்த்துவிடும்.

வாங்குமுன் கடைசிப் பக்கத்தின் மூலையில் சோதிக்க அனுமதி கேளுங்கள். அல்லது ஒரே ஒரு நோட்டு வாங்கி வீட்டில் பாருங்கள். சோதனை இப்படி: ஒரு 'ண', ஒரு 'ஞ', ஒரு 'ஐ' எழுதுங்கள். பக்கத்தில் ஒரே கோட்டின் மேல் மூன்று தடவை இழுங்கள். பிறகு நிப்பைத் தாளில் தொட்டபடி ஐந்து நொடி அசையாமல் நிறுத்துங்கள். அரை நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நொடிப் புள்ளி மட்டும் இறங்கியிருந்தால் தாள் நல்லது, அது கடுமையான சோதனை. மூன்று தடவை இழுத்த கோடு இறங்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் எழுதலாம். சாதாரண எழுத்தே இறங்கியிருந்தால் பென்சிலுக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, நோட்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. உள்ளங்கை படும் கீழ்ப் பாதியில் வியர்வையும் தோல் எண்ணெயும் ஏறி, அங்கே மை ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் ஊறும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்து எழுதினால் பக்கத்தின் கடைசி ஐந்து வரியும் முதல் ஐந்து வரி மாதிரியே இருக்கும். "பக்கம் முடியும்போது பேனா மக்கர் செய்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

தைத்துக் கட்டிய நோட்டாகவும் பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டியது தட்டையாக விரியாது. நடு மடிப்பின் பக்கம் தாள் வளைந்தால் நிப்பின் கோணம் மாறி அங்கே கோடு விட்டு விட்டு விழும்.

நிப்புமேசை

புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுதுகிறவர்களுக்குப் புள்ளிதான் பேனாவின் மருத்துவப் பரிசோதனை. கோடு இழுக்கும்போது நிப் நகர்வதால் மை எப்படியும் இழுபடும். புள்ளியில் நகர்வு இல்லை. தொட்ட கணத்தில் மை நுனியில் தயாராக இருந்தால்தான் விழும். அதனால் நிப்பில் இருக்கும் சின்னக் குறையும் முதலில் புள்ளியில் தெரியும். 'கல்' என்று எழுதியது 'கல' என்று நிற்கும்.

காரணம் பொதுவாக நான்கில் ஒன்று. செலவில்லாததிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலாவது, புதுப் பேனாவில் மிச்சமிருக்கும் எந்திர எண்ணெய். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மெல்லிய பிளவுகள் வழியே மை கீழே வரும், காற்று மேலே போகும். மையும் காற்றும் சீராக இடம் மாறும்படி இந்தப் பிளவுகளை வைத்து 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றார். இன்றைய பேனாக்களும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. அந்தப் பிளவில் எண்ணெய் இருந்தால் மை ஒட்டாமல் அறுந்து நிற்கும். 100 மி.லி. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கழுத்துப் பகுதியை 15 நிமிடம் ஊறவைத்து, கன்வெர்ட்டரால் பத்து தடவை உறிஞ்சித் தள்ளுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். சோப்பு மிஞ்சினால் அதுவே மையை ஊறவைக்கும், தாளைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, கை. பந்துமுனைப் பேனா அழுத்தம் கேட்கும், நிமிர்ந்து நிற்கும். மை பேனாவுக்குத் தாளோடு 45 முதல் 55 பாகை சாய்வு போதும், அழுத்தம் பேனாவின் சொந்த எடை. அழுத்தினால் நிப்பின் இரண்டு பற்களும் விரிந்து, நுனியில் மைப்படலம் அறுந்துவிடும். நிறைய மை வரும் என்று நினைத்து அழுத்துவார்கள். புள்ளிக்கு நேர் எதிர் விளைவு. இன்னொரு பழக்கமும் பாருங்கள்: எழுதும் வேகத்தில் பேனாவை உருட்டிவிட்டால் ஒரு பல் மட்டும் தாளைத் தொடும், பிளவு தொடாது. நிப்பின் முகம் வானத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும்.

மூன்றாவது, பற்கள் ஏறி இறங்கியிருப்பது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று அவசியம் வேண்டும். நிப்பை நேருக்கு நேர் நுனிப் பக்கமிருந்து பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் தெரியவேண்டும். ஒன்று மேலே இருந்தால் எழுதும்போது ஒரு திசையில் மட்டும் கீறும். மேலே இருக்கும் பல்லை நகத்தால் மெதுவாகக் கீழ் நோக்கி அழுத்தி மூன்று நொடி பிடித்து விடுங்கள். திரும்பப் பாருங்கள். மயிரிழைதான் நகரவேண்டும், ஒரே அழுத்தில் சரிசெய்ய நினைத்தால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும். பிறகு நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிளவைப் பாருங்கள். துளையிலிருந்து நுனிவரை மெல்ல ஒடுங்கி, நுனியில் ஏறக்குறையத் தொட்டு நிற்கவேண்டும். துளைப் பக்கமே வெளிச்சம் வராவிட்டால் இறுக்கம். 0.05 மி.மீ. பித்தளைத் தகடு ஒன்றைப் பிளவில் நாலைந்து தடவை மேலும் கீழும் ஓட்டினால் திறக்கும், இடையில் சிக்கிய தாள் நாரும் வெளியே வரும். பிளேடு வேண்டாம், உள்விளிம்பைச் சீவிவிடும்.

நான்காவதுதான் உண்மையில் கஷ்டமானது. நிப்பின் நுனியில் கடினமான உலோகக் கலவைக் குமிழ் ஒன்று இருக்கும். தொழிற்சாலையில் அதை மிதமிஞ்சி மெருகேற்றினால் பிளவின் இரு உள்விளிம்பும் உருண்டு, நடுவில் பள்ளம் விழுந்துவிடும். மை பிளவுக்குள்ளேயே நிற்கும், தாளைத் தொடாது. அறிகுறி தெளிவானது: வழுவழுவென்று எழுதும், ஆனால் முதல் கோடும் புள்ளியும் வராது, கொஞ்சம் அழுத்தினால் வரும். வழுவழுப்பான தாளில் இன்னும் மோசமாகும், சொரசொரப்பான தாளில் தப்பித்துக்கொள்ளும்.

இதற்கு 12000 எண் மெருகுத் தாள் வேண்டும். பேனாவில் மை இருக்கும்போதே, எழுதும் கோணத்தில், அழுத்தாமல், அதன் மேல் எட்டு வடிவம் பத்து தடவை. துடைத்து, பத்து 'க்' எழுதிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் பத்து. ஐம்பதைத் தாண்டாதீர்கள். அரைத்த குமிழைத் திரும்ப வளர்க்க முடியாது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் பேனா என்றால் இதைத் தொடவே வேண்டாம், மாற்றிக் கேளுங்கள்.

பழையமூடி

எளிய வழி ஒன்று இருக்கிறதே. நிப்பைச் சூடான தண்ணீரில் முக்கி எடுத்தால் எல்லாம் இளகி ஓடிவிடும். கழுத்து மரையில் வாசலின் தடவினால் கசிவும் நிற்கும்.

நிப்புமேசை

ஐயா, மன்னிக்கவும், இரண்டுமே ஆபத்து. சூடான தண்ணீர் பிளாஸ்டிக் நாக்கை வளைத்துவிடும். நாக்குக்கும் நிப்புக்கும் இடையில் இடைவெளி விழுந்தால் அதற்குப் பிறகு மை சீராக வராது. எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பாகம் இருந்தால் நிறம் மங்கும். அறை வெப்பத் தண்ணீர் போதும், நேரம்தான் கூடுதலாகத் தேவை. காய்ந்து கட்டியான மைக்கு பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டு அமோனியா, ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம், அரை மணி நேரம், பிறகு நல்ல அலசல். அந்தக் கலவைக்குப் பக்கத்தில் ப்ளீச் எதுவும் வரக்கூடாது, நச்சு வாயு வரும். ஸ்பிரிட், ஆல்கஹால் கூடாது. பல பிளாஸ்டிக் உடல்களில் மயிரிழை விரிசல் விழும்.

வாசலின் பெட்ரோலியப் பொருள். ரப்பர் வளையத்தை நாளடைவில் ஊதவைத்துக் கெடுத்துவிடும். மரைக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான், அதுவும் ஒரு அரிசி அளவு.

பழையமூடி

வாசலின் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், நன்றி. ஃபில்லரால் நேரே குழலில் மை ஊற்றும் பேனா கக்குவதற்கு என்ன வழி? கிரீஸ் போட்டும் சில நேரம் ஒரு பெரிய சொட்டு விழுகிறது.

நிப்புமேசை

அது கசிவு இல்லை, காற்று. குழலில் மை கால் பாகத்துக்குக் கீழே போனால் மீதி முழுவதும் காற்று. கையின் சூட்டில் அது விரிந்து மையை முன்னே தள்ளும். நாக்கின் செதில்கள் கொஞ்சம் தாங்கும், அதற்கு மேல் கக்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையும்போதே நிரப்புங்கள். எழுதத் தொடங்குமுன் நிப்பை மேல்நோக்கிப் பிடித்து ஒரு நிமிடம் குழலைக் கையில் வைத்திருந்தால் விரிந்த காற்று மை தள்ளாமல் வெளியேறும். விமானப் பயணத்தில் முழுவதும் நிரப்பி அல்லது முழுவதும் காலி செய்து, நிப் மேல்நோக்கி.

ஒரு நாள் விட்டால் முதல் கோடு வராதது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடியை ஊதிப் பாருங்கள். திறந்த வாய்ப் பக்கம் உதட்டை வைத்து ஊதும்போது காற்று எளிதாக வெளியேறினால் மை அந்த வழியாகத்தான் காய்கிறது. அப்படிப்பட்ட பேனாவைத் தினமும் எழுதும் ஒருவர் வைத்திருக்கலாம், வாரம் ஒருமுறை எழுதுகிறவருக்கு ஆகாது. யோசித்துக்கொண்டே மூடியைத் திறந்து வைத்திருப்பதும் அதே விளைவைத் தரும். மின்விசிறிக்கு அடியில் இரண்டு நிமிடம் போதும் நுனி காய. தினக்குறிப்பு எழுதும்போது யோசனைதான் பாதி நேரம். மூடியைப் போட்டுவிட்டு யோசியுங்கள்.

நீலக்குப்பி

இருபது வருட மை கேள்விக்கு வருகிறேன். கழுவக்கூடிய நீலம் தினக்குறிப்புக்கு ஏற்றதல்ல. அது வெறும் சாயம். துணியில் கறை போகவேண்டும் என்பதற்காகவே அப்படித் தயாரிக்கப்பட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஓடும், சன்னல் வெளிச்சத்தில் சில வாரங்களில் வெளுக்கும்.

என் தேர்வு இரும்பு மை. கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றில் இருக்கும் டானினோடு இரும்பு உப்பு சேர்ந்து உருவாவது. எழுதும்போது அதில் கலந்த நீலச் சாயம் மட்டும் தெரியும். காற்றுப் பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் நாரோடு பிணைந்து கருநீலமாகிக் கறுக்கும். சாயம் வெளுத்தாலும் அந்தக் கருமை நிற்கும். பிரிட்டனில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளுக்குப் பதிவாளர் மை என்று இதைத்தான் பயன்படுத்தினார்கள். இன்னொரு நன்மை, இது சுமாரான தாளிலும் அதிகம் பிசிறாது. இழை தொடங்கியவரின் 70 ஜி.எஸ்.எம். நோட்டுக்கு முதல் மருந்து இதுவாகவே இருக்கலாம்.

மூன்றுசுழி

எஃகு நிப் என்று அவர் எழுதியிருக்கிறார், நீலக்குப்பி. இரும்பு மை அமிலம். மாதக்கணக்கில் உள்ளே விட்டால் நிப் அரிக்கும், நாக்கில் கருமையான படிவு அடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நிறமி மை சொல்வேன்.

நீலக்குப்பி

நிறமி மையிலும் ஆபத்து உண்டு, வேறு வகையில். அதில் நிறம் கரைந்திருப்பதில்லை, மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. தாளில் காய்ந்தால் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அசையாது என்பது உண்மை. ஆனால் நாக்குக்குள் காய்ந்தாலும் அதே பிடிவாதத்தோடு நிற்கும். அவருடைய பேனா ஒரே நாளில் காய்கிறது. அதில் நிறமி மை ஊற்றினால் பிளவுகள் அடைபட்டுவிடும்.

அமிலம் பற்றிய பயம் பழைய கடுமையான மைகளைப் பார்த்து வந்தது. மை பேனாவுக்கென்று விற்கும் இன்றைய இரும்பு மைகள் மிதமானவை. இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் எஃகு நிப்புக்குப் போதும். படிவு இருந்தால் தண்ணீரில் ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூள் கரைத்து ஓட்டுங்கள். கரையாத இரும்பைத் திரும்பக் கரையும் நிலைக்குக் கொண்டுவரும். பிறகு வெறும் தண்ணீர்.

ஓவியத்துக்கு விற்கும் இந்தியா மை மட்டும் எந்த மை பேனாவிலும் ஊற்றவேண்டாம். அதில் அரக்கு இருக்கும். காய்ந்தால் எதைப் போட்டாலும் கரைவது கடினம்.

மூன்றுசுழி

மூடி சரியில்லாத பேனாவில் நிறமி மை கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடி இறுக்கமான பேனா என்றால் என் தேர்வு இன்னும் நிறமிதான், ஏனென்றால் கழுவுவதை மறக்கிறவர்கள் அதிகம், தினமும் எழுதுகிறவர் அதை மறந்தாலும் மை ஓடிக்கொண்டே இருக்கும்.

எதை வாங்கினாலும் நீங்களே சோதியுங்கள். ஒரே தாளில் இரண்டு மையாலும் பத்து வரி எழுதி, பாதியை அட்டையால் மூடி, வெயில் வரும் சன்னலில் எட்டு வாரம் ஒட்டிவையுங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு எழுதி ஒரு முழு நாள் கழித்து, ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடத்தில் ஒற்றி எடுங்கள். இரண்டு மைகளை ஒரே பேனாவில் மாற்றும்போது தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை அலசியே ஆகவேண்டும். இரும்பு மையோடு வேறு மை கலந்தால் கட்டி கட்டியாகும். பேனாவில் மிஞ்சிய மையைக் குப்பியில் திருப்பி ஊற்றாதீர்கள். பூஞ்சை அப்படித்தான் குப்பிக்குள் போகிறது. குப்பியைத் திறந்ததும் புழுங்கிய வாடை அடித்தாலோ, நூல் மாதிரி ஏதாவது மிதந்தாலோ முழுக் குப்பியையும் கொட்டிவிடுங்கள்.

இடக்கை

இடது கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். தமிழும் இடமிருந்து வலம்தான், கை எழுதிய இடத்தின் மேலேயே நகரும். வழுவழுப்பான தாளில் மை காய 20, 30 நொடி கூட ஆகும். மேலே சொன்ன 'ஊறாத தாள்' அறிவுரையை அப்படியே எடுத்தால் உள்ளங்கை நீலமாகும். மணிக்கட்டை வரிக்குக் கீழே வைத்து, நோட்டை வலப்பக்கம் 30 முதல் 45 பாகை சாய்த்தால் கை எழுத்தைத் தொடாது. முடியாதவர்களுக்கு மெலிந்த நிப், விரைவில் காயும் மை, கொஞ்சம் உறிஞ்சும் தாள். வலது கைக்காரர்களும் பக்கத்தைத் திருப்பும் அவசரத்தில் எதிர்ப் பக்கத்தில் அச்சு விழுவதைத் தடுக்க ஒற்றுத் தாளைப் புத்தகக் குறியாக வைத்துக்கொள்ளலாம். மூடியபடி தேய்க்கக் கூடாது, மேலிருந்து அமுக்கி எடுக்கவேண்டும்.

தாள்வாசி

கேட்காவிட்டாலும் பக்க அமைப்பு பற்றி ஒன்று, ஏனென்றால் தினக்குறிப்புகள் பாதியில் நிற்பதற்கு மை காரணமாவது அரிது. "ஒரு நாளைக்கு ஒரு பக்கம்" என்ற விதியைத் தளர்த்துங்கள். சில நாளுக்கு ஆறு வரிதான் இருக்கும், சில நாளுக்கு நான்கு பக்கம். தேதி அச்சிட்ட டயரியில் காலியான பக்கம் தினமும் உறுத்தும். வெறும் நோட்டில் நீங்களே தேதி எழுதினால் விட்ட நாள் தெரியவே தெரியாது. வருடத்தையும் சேர்த்து முழுத் தேதி எழுதுங்கள். பக்க எண் போட்டு, முதல் இரண்டு தாளை அட்டவணைக்கு விட்டுவிடுங்கள். ஓரத்தில் 25 மி.மீ. காலியாக விட்டால் பின்னாளில் திரும்பப் படிக்கும்போது கருத்து எழுத இடம் இருக்கும். அன்றைய நான் சொன்னதற்கு இன்றைய நான் பதில் எழுதும் இடம் அது. அந்தப் பதிலை வேறு நிற மையில், தேதியோடு எழுதினால் இரண்டும் குழம்பாது. தினக்குறிப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இந்த ஓரம்தான்.

இரவுப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. பேனாவை மாற்றாமல் செய்தவை: சோப்புத் தண்ணீர் அலசல், கைக்கு அடியில் துண்டுத் தாள். புள்ளி பத்தில் ஒன்றுதான் இப்போது விழாமல் போகிறது. மூடியை ஊதிப் பார்த்தால் காற்று நன்றாகவே வெளியேறுகிறது. லென்ஸில் பற்கள் ஒரே மட்டம், பிளவு நடுவில் பள்ளம் இல்லை. தாள் சோதனையில் மூன்று தடவை இழுத்த கோடு இறங்கிவிட்டது. 'எஃப்' நிப்பையும் இரும்பு மையையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

நிப்புமேசை

ஒரே நாளில் வேண்டாம். முதலில் இதே நிப்பில் மையை மட்டும் மாற்றி ஒரு வாரம் எழுதுங்கள். இரும்பு மை கொஞ்சம் வறண்டு ஓடும். 'எம்' நிப்பே அதில் மெலிந்து தெரியலாம், ஊறலும் குறையலாம். அதன் பிறகும் 'ண'வின் சுழி அடைந்தால் நிப்பை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் புள்ளி விழாதபோது எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாது. மூடி காற்று விடுவதால் இரண்டு நாளுக்கு மேல் எழுதாமல் இருக்கப்போகிறீர்கள் என்றால் மையைக் காலி செய்து கழுவி வைத்துவிடுங்கள்.

மீதமிருக்கும் பத்தில் ஒரு புள்ளி கையில்தான் இருக்கிறது. பந்துமுனைப் பேனாவில் புள்ளியைக் குத்துவோம். இதில் தொட்டு, மயிரிழை கீழ்நோக்கி இழுத்து, எடுங்கள். கால் மி.மீ. நகர்வு போதும், பார்வைக்குப் புள்ளியாகவே இருக்கும். ஒரு பக்கம் முழுக்க 'க் ங் ச் ஞ்' என்று பதினெட்டு மெய்யையும் எழுதிப் பாருங்கள், எத்தனை விழவில்லை என்று எண்ணி இங்கே போடுங்கள்.